பங்கு மறுத்தல் அறமாகுமா?

பெற்றோர் ஒருவர் தம் மக்களுள் ஒருவரை மட்டும் தம் சொத்திலிருந்து விலக்கிவிட உரிமையுடையவரா? இவ்வினாவைச் சட்டத்தரணி ஒருவரிடம் வினவினால், 'ஆம்' என ஒரே சொல்லில் விடையிறுத்துவிடுவார். அறவியல் நோக்கில் இதனை ஆராய முற்படுவோர் அத்துணை விரைவில் விடைகூற இயலாது. ஒரு செயலைச் சட்டம் தடுக்கவில்லை என்பது வேறு. அச்செயல் தகும் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலேயே எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேச்சற்றுக் கிடக்கின்றன. ஆதலின் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று.

இதனை ஆராய்வதற்குப் புத்தளக் கரையோரத்தை விடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. அக்கரையிற் பிறந்து வளர்ந்தவன் என்ற பற்றினால் மட்டும் இவ்வாறு கூறவில்லை. சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம் எனச் சென்று கற்பிட்டிக் குடாநாடு வரை நீளும் இப்பகுதியில் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் அயலவராய் வாழ்கின்றனர். முன்னேஸ்வரத்து மணியோசையும் தலவில் அன்னம்மாள் திருவிழாவும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே கரைக்கு உரியன. தென்னந்தோட்டம், உப்பளம், கரைவலை ஆகிய மூன்றுமே இங்குள்ள பலருக்கு முதுசம். ஆயினும் ஒரே வேலியின் இருபுறமும் வாழும் இரு குடும்பங்களில், தந்தை இறந்தபின் மகளுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இருவேறு விடைகள் உள்ளன.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்டது. வடமாகாணத் தமிழருக்கே உரியது. புத்தளத்துத் தமிழரை அது கட்டுப்படுத்தாது. இவர்களுக்கு உரியது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டமாகும். ஒருவர் எதுவும் எழுதிவைக்காது இறப்பின், அவர் சொத்தின் அரைப்பங்கு எஞ்சியிருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ சேரும். மீதி, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாகப் பிரியும். அயலிலுள்ள முஸ்லிம் குடும்பத்தினருக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் வழியாக இஸ்லாமிய வாரிசுமுறை பொருந்தும். அதன்படி மகனின் பங்கு மகளின் பங்கைப் போல் இருமடங்கு. குடும்பத்தைப் பேணும் கடமை ஆணின் மீது சுமத்தப்பட்டிருப்பதே இதற்குக் காட்டப்படும் நியாயம்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின் வேறுபாடு மேலும் விரியும். மட்டக்களப்பு முக்குவரிடையே முதுசச் சொத்து மகனுக்கன்றிச் சகோதரியின் மக்களுக்கே சென்றது. இவ்வழமையைப் பற்றிக் கிறிஸ்ரோபர் பிறிற்றோ 1876இல் ஒரு நூலே வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மேற்கூறிய கட்டளைச்சட்டம், கண்டியச் சட்டத்துக்கும் இஸ்லாமியச் சட்டத்துக்கும் தேசவழமைக்கும் மட்டுமே விலக்களித்தமையால், முக்குவர் வழமை சட்டவலுவை இழந்தது. முக்குவர் புத்தளப் பகுதியிலும் பழங்காலந்தொட்டு வாழ்ந்தவர்களே. இம்மாற்றத்தை ஒரு குடும்பத்தில் வைத்து எண்ணிப் பார்ப்போம். நேற்றுவரை மாமனின் வாரிசாக மதிக்கப்பட்ட மருமகன் இன்று அந்நியனாகிறான். நேற்றுவரை தந்தையின் முதுசத்தில் உரிமையற்றிருந்த மகன் இன்று உரியவனாகிறான். இருவரும் எந்த நன்மையும் செய்யவில்லை, எந்தத் தீமையும் செய்யவில்லை.

இதிலிருந்து பிறக்கும் முதலாவது முடிவு சற்றுக் கசப்பானது. 'இயல்பான வாரிசு' என்று நாம் கூறுவது இயற்கை வகுத்ததன்று, சமுதாயம் வகுத்தது. பிரெஞ்சு அறிஞர் மொன்தெஸ்கியூ 1748இல் வெளியிட்ட தமது நூலில் இக்கருத்தையே வலியுறுத்தினார்: மக்களை வளர்க்குமாறு இயற்கை பெற்றோரைப் பணிக்கிறது, அவர்களைத் தம் வாரிசாக்குமாறு பணிக்கவில்லை. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் ஸ்ருவாட் மில்லும் 1848இல், மக்கள் தம் காலில் நிற்பதற்கு வேண்டியதைப் பெற்றோர் வழங்கக் கடமைப்பட்டவர்; அதற்கு மேற்பட்ட செல்வத்தைக் கோரும் உரிமை மக்களுக்கில்லை என்றே கருதினார். எவரும் வாரிசாகப் பிறப்பதில்லையெனின், வாரிசுரிமையிலிருந்து விலக்கப்பட்டேன் என்று முறையிட எவருக்கு உரிமையுண்டு? பங்கு மறுக்கப்பட்டவர் இழந்தது தமக்கு என்றுமே உரியதாக இருக்கவில்லையே என ஒருவர் வாதிடலாம்.

நமது நாட்டுச் சட்டம் இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது எனலாம். முற்காலத்து உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் மக்களுக்கு விட்டே தீரவேண்டிய கட்டாயப் பங்கு ஒன்று இருந்தது. உரோமப் பேரரசன் யஸ்தீனியன் 542இல் விதித்த சட்டம், மக்களை விலக்குவதற்குரிய காரணங்களைப் பதினான்காக வரையறுத்தது. பெற்றோரை அடித்தல், அவர் உயிருக்குச் சூழ்ச்சி செய்தல் போன்ற கொடுமைகள் அவற்றுள் அடங்கும். காரணத்தை மரணசாசனத்திற் பெயர் குறித்து எழுதுதல் வேண்டும். எழுதிய காரணம் மெய்யென வாரிசு நிலைநாட்டவும் வேண்டும். பிரித்தானியர் ஆட்சியில் 1844இல் இயற்றப்பட்ட 21ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இவையனைத்தையும் துடைத்தெறிந்தது. உரிய வயது நிரம்பிய எவரும் தம் சொத்தைத் தாம் விரும்பிய எவருக்கும் எழுதிவைக்கலாம். மக்களையோ பெற்றோரையோ வேறு உறவினரையோ விலக்கலாம். விலக்கியதற்குக் காரணம் எதுவும் கூறவேண்டியதில்லை. வேறெந்தச் சட்டமோ வழமையோ இதற்குத் தடையாகாது. சாசனத்தின் வடிவத்தைக் கவனிக்க 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இருந்தது: நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள். கையொப்பம் சரியா என்று சட்டம் கேட்கும். செய்தது சரியா என்று கேளாது.

இச்சுதந்திரம் முஸ்லிம்களுக்கும் உரியதாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. மரணசாசனத்தால் வழங்கத்தக்கது சொத்தின் மூன்றிலொரு பகுதியே என்பது மார்க்க நெறி. ஆனால், மரணசாசனம் எழுதாது இறந்தோருக்கே 1931ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துவதால், எழுதுபவர் அவ்வெல்லையைத் தாண்டினாலும் நீதிமன்றம் தடுப்பதில்லை. அவ்வெல்லையைப் பேணுவோர் தம் மனச்சான்றினாலேயே பேணுகின்றனர். இவ்வாறு வேலியின் இருபுறமும் விடை ஒன்றாகிறது: தந்தை எழுதியதே முடிவு.

இனி இச்சுதந்திரத்தின் நல்ல பக்கத்தையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். சமமான பங்கு எப்போதும் நீதியான பங்கு ஆகிவிடாது. நடக்கவியலாத மகளொருத்திக்குத் தோட்டம் முழுவதையும் விட்டு, நல்ல உத்தியோகத்திலிருக்கும் இரு மைந்தரை விலக்கும் தந்தையை எவர் குறைகூறுவர்? தென்னங்காணியைக் குத்தகைக்கு விட்டுச் சூதில் இழக்கும் மகனிடமிருந்து குடும்பத்தைக் காக்க விரும்பும் தாயை எவர் பழிப்பர்? மேலும், பங்கை மறுக்கும் வலு பெற்றோரிடம் இல்லையெனின், முதுமையில் அவர்களின் நிலை யாது? உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் திண்ணையில் ஒதுக்கப்பட்ட முதியோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. எனவே, இச்சுதந்திரத்தை முற்றாகப் பறித்துவிட வேண்டும் என்பது எமது வாதமன்று.

ஆயினும் இவ்வெடுத்துக்காட்டுகளை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவை ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் இருக்கிறது; அக்காரணத்தை விலக்கப்பட்டவரின் முகத்தை நோக்கியே கூறலாம். 'உன் தங்கைக்கு வேறு துணையில்லை' என்று தந்தை கூறும்போது மைந்தர் வருந்தக்கூடும், அவமதிக்கப்பட்டதாகக் கருதமாட்டார். சட்டம் நன்கொடையை மீளப்பெறுவதில் இதனை ஏற்கிறது. நன்கொடை உறுதியைக் கொடிய நன்றியின்மை என்ற காரணத்தால் மீட்டுக்கொள்ள விரும்புவோர் அதனை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டும் என 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பெறக் காரணமும் விசாரணையும் வேண்டும். கொடாது விடுவதற்கு மட்டும் எதுவும் வேண்டாம். சட்டநோக்கில் இதற்கு விளக்கமுண்டு: கொடுத்தது பிறருடையது, கொடாதது தன்னுடையது. அந்தத் 'தன்னுடையது' என்ற சொல்லே நாம் அடுத்து ஆராயவேண்டியது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தந்தைக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோட்டமும் ஒரு கரைவலையும் உள. தோட்டத்திற் பாதி அவருடைய தந்தை நட்டது. மீதி அவரே வாங்கியது. மூத்த மகன் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுத் தந்தையோடு கடற்கரைக்கு வந்தவன். கூலி என்று எதுவும் அவன் வாங்கியதில்லை. மூத்த மகளுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று. இளையவள், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள், தேங்காய் பொறுக்கியவள், தாய் நோயுற்றபோது சமையலையும் சுமந்தவள். அவள் வேறு மதத்தவன் ஒருவனை மணந்தாள். தந்தை அவளை விலக்கிச் சாசனம் எழுதினார். காரணம் எழுதவில்லை, எழுதவேண்டியதும் இல்லை.

இத்தோட்டம் முழுவதும் தந்தையுடையதுதானா? தென்னை நட்ட மறுநாள் காய்ப்பதன்று. ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தபின் பலன் தரத் தொடங்கி, அறுபது ஆண்டுக்கு மேலும் தரும். நடுபவர் பெரும்பாலும் தமக்காக நடுவதில்லை. பாட்டனார் நட்ட மரத்தின் காயைப் பறிப்பவர், அம்மரத்துக்குச் சொந்தக்காரர் என்பதைவிட அதனைக் கையளிக்க வந்தவர் என்பதே பொருந்தும். நமது பழைய வழமைகள் இதனை உணர்ந்தே சொத்தை வகைப்படுத்தின. முன்னோர் வழி வந்தது முதுசம். தம் முயற்சியால் வந்தது தேடிய தேட்டம். தேடிய தேட்டத்தின் மீது தேடியவருக்கிருந்த உரிமை முதுசத்தின் மீது அவ்வளவாக இருந்ததில்லை. பழைய வழமைகள் அனைத்தும் நல்லன என நாம் கூறவரவில்லை. சீதனம் பெற்ற மகளைப் பெற்றோர் முதுசத்திலிருந்து விலக்கியது தேசவழமையே. 1876ஆம் ஆண்டுச் சட்டமோ சீதனத்தை ஏனைய பங்குகளோடு கணக்கிட்டுச் சமன்செய்ய வழிவகுத்தது. இவ்விடயத்தில் அதுவே மேம்பட்டது. எனினும் முதுசத்துக்கும் தேட்டத்துக்கும் இடையே வழமை கண்ட வேறுபாடு ஆழ்ந்த அறவுணர்வின் பாற்பட்டது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேறுபாட்டை அழித்து, இரண்டையும் ஒருவர் தம் விருப்பப்படி வீசத்தக்க பொருளாக்கியது.

இன்னொன்றும் உண்டு. தேடிய தேட்டம் என்பதுதான் யார் தேடியது? தந்தை வாங்கிய மூன்று ஏக்கருக்கான பணத்தில் மூத்த மகன் வாங்காத கூலியும் இளைய மகள் பொறுக்கிய தேங்காயும் கலந்திருக்கின்றன. உறுதியில் ஒரு பெயர்தான் இருக்கும். உழைப்பில் ஒரு பெயர் மட்டும் இருந்ததில்லை. கரைவலையை இழுத்தோர்க்கு அன்றன்றே பங்கு பிரிப்பது நம் கடற்கரையின் முறை. வலையை இழுத்த அயலவருக்கு மாலையிலேயே கிடைக்கும் பங்கு, வீட்டை இழுத்த மகளுக்கு நாற்பது ஆண்டுகள் கழிந்தும் கிடைக்காமற்போவது எந்த நியாயம்? ஆதலின் மொன்தெஸ்கியூவின் வாதம் ஓரளவுக்கே செல்லும். பிறப்பினால் எவரும் வாரிசாகாமற் போகலாம், உழைப்பினால் ஆகின்றனர்.

உழைப்பே செய்யாத பிள்ளையாயின்? கொழும்பிற் படித்து அங்கேயே வாழும் மகன் தென்னைக்கு ஒரு குடம் தண்ணீரும் ஊற்றியிருக்கமாட்டான். அவனைக் காரணமின்றி விலக்கினால் அவனுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? இழைக்கப்பட்டது என்பதே எமது கருத்து. ஏனெனில், முதுசப் பங்கு என்பது பொருள் மட்டுமன்று. 'நீ எம்மவன்' என்னும் சான்றுமாகும். உடப்பில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் திரௌபதையம்மன் கோயிலில் தீமிதிப்பு விழா நடைபெறுகின்றது. அவ்விழாவோடு பிணைந்த பாரதக் கதை, அடிப்படையில் பங்கு மறுக்கப்பட்ட கதையே. பாண்டவர் இறுதியில் வேண்டியது பாதி நாடன்று; ஐந்து ஊர்கள். ஐந்து ஊர்களால் அவர்கள் செல்வராகிவிடப்போவதில்லை. தாமும் அக்குலத்தவரே என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டினர். துரியோதனன் ஊசி முனையளவு நிலமும் தரமறுத்தபோது அவன் காத்தது நிலத்தையன்று, மறுப்பை. ஆண்டுதோறும் நெருப்பில் இறங்கி நினைவுகூரப்படும் அக்கதையை அறிந்தவர்களுக்கு, பங்கின் அளவும் பங்கின் பொருளும் வேறுவேறு என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

இவ்வுண்மையை இன்னொரு வகையிலும் இக்கரை அறிந்துள்ளது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் இழந்தவற்றுள் வீடும் காணியும் அடங்கும். ஆண்டுகள் கழிந்து, இங்கேயே பிறந்த பிள்ளைகள் வளர்ந்தபின்னும் அக்காணிகளின் உறுதிகளைப் பேணி வைத்திருப்போர் உளர். விற்று வரும் விலையை எண்ணி மட்டும் அவ்வாறு பேணுவதில்லை. பத்தாண்டு ஆட்சியால் பிறர் உரிமை பெற்றுவிடும் சட்டவிதி, போரினால் தம் காணியை அணுகவியலாது போனோரைப் பாதிக்காதவாறு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பேற்பாடு செய்ததும் இவ்வுணர்வை ஓரளவு மதித்தேயாகும். ஓர் இடத்தின் மீதான உரிமை மறுக்கப்படுதல், அவ்விடத்து மனிதராக இருக்கும் தகுதி மறுக்கப்படுதலாகவே உணரப்படுகிறது. வீட்டினுள்ளும் இதுவே நிகழ்கிறது.

இப்போது இளைய மகளிடம் மீள்வோம். தந்தை அவளைத் தண்டித்தார் என்பதே உண்மை. தண்டனையாயின் அதற்குரிய நெறிகளும் உள. குற்றம் இன்னதெனக் கூறப்படவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுமொழி கூற இடம் வேண்டும். தண்டனை குற்றத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலனாகப் படைக்கப்படவில்லை. ஆராயாது தண்டித்தான் என்பதே அவன் பிழை. அதனை உணர்ந்தபோது அவன் உயிர் துறந்தான். காரணங் கூறாத சாசனத்தை எழுதியவரோ, பிழை உணர்த்தப்படுவதற்கு முன்னரே உயிர் துறந்துவிடுகிறார். கண்ணகிக்கு முறையிட ஓர் அரசவை இருந்தது. இளைய மகளுக்கு முறையிட எவரும் இல்லை. தீர்ப்பு வாசிக்கப்படும் வேளையில் நீதிபதி மண்ணுள் இருக்கிறார். ஆதலினால்தான் இத்தண்டனை ஏனையவற்றினும் கொடியது. மேன்முறையீடு அற்றது என்பதோடு, மன்னிப்புக்கும் இடமற்றது. அவள் குற்றம் யாதென அயலார் ஊகித்துக்கொள்வர். அவளுடைய பிள்ளைகளும் ஊகித்துக்கொள்வர்.

தந்தை தம் மதத்தின் மீதும் குலத்தின் மீதும் கொண்ட பற்றை நாம் இழிவாகக் கருதவில்லை. அவருக்கு உண்டான துயரமும் மெய்யானதே. ஆனால் சொத்தைக் கொண்டு மனச்சான்றை விலைக்கு வாங்கவியலாது. 'என் சொற்படி மணந்தால் மூன்று ஏக்கர்' என்பது அன்புமன்று, அறிவுரையுமன்று, ஒரு பேரமே. அப்பேரத்துக்கு இணங்கும் பிள்ளையின் கீழ்ப்படிவை எந்தத் தந்தை மதித்தல் கூடும்?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். பிறப்பு மட்டுமே எவருக்கும் சம பங்கை உறுதிசெய்வதில்லை. பெற்றோர் காரணத்தோடு கூட்டவும் குறைக்கவும் உரியர். முதுசத்திலும் கூட்டுழைப்பால் வந்த தேட்டத்திலும் அவ்வுரிமை சுருங்குகிறது. இறுதியாக, எவ்வகைச் சொத்தாயினும் காரணத்தை உயிரோடிருக்கும்போதே, மறுமொழிக்கு இடமளித்துக் கூறுவது பெற்றோரின் கடமை. சட்டம் இதனை வற்புறுத்தவேண்டுமா என்பது தனி ஆய்வுக்குரியது. பிரான்சு 1804ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு முதல் மக்களின் கட்டாயப் பங்கைப் பேணிவருகின்றது. எழுதுவோர் சுதந்திரத்தை உலகுக்குப் பரப்பிய இங்கிலாந்தே, விலக்கப்பட்ட துணைவரும் தங்கிவாழும் மக்களும் நீதிமன்றத்தில் தக்க பராமரிப்பைக் கோருவதற்கு 1938இல் வழிசெய்தது. எனவே, 1844இல் நமக்கு வழங்கப்பட்டது நாகரிகத்தின் இறுதிச் சொல் என எண்ணவேண்டியதில்லை.

ஆயினும் சட்டம் மாறும்வரை காத்திருக்கவேண்டாத ஒருவர் இவ்விடயத்தில் உளர். தந்தையைப் பற்றியும் விலக்கப்பட்டவரைப் பற்றியும் இவ்வளவு பேசிய நாம், பெற்றுக்கொண்டவரைப் பற்றிப் பேசவில்லை. தந்தை எழுதினார், அண்ணன் பெற்றான். 'அப்பாவின் விருப்பம் அது, நான் என்ன செய்ய?' என்று அவன் கூறுவான். அவ்விடை போதாது. எந்தச் சட்டம் தந்தைக்கு விரும்பியவாறு கொடுக்கும் சுதந்திரத்தை வழங்கியதோ, அதே சட்டம் சொத்து அவன் கைக்கு வந்த கணத்திலிருந்து அவனுக்கும் அச்சுதந்திரத்தை வழங்குகிறது. தங்கையின் பங்கை ஒரு நன்கொடை உறுதியால் அவளுக்கு எழுதிக்கொடுக்க அவனை எவரும் தடுப்பதில்லை. தடுக்க எவரும் இல்லாதவிடத்து, செய்யாமல் விடுவது தந்தையின் விருப்பமன்று, அவனுடைய விருப்பம். இறந்தவரின் பெயருக்குப் பின்னால் உயிருள்ளவர் மறைந்துகொள்ளல் ஆகாது.

தந்தையின் சொல்லை மீறுவது அவரை அவமதிப்பதாகாதா என ஒருவர் வினவலாம். தந்தை விட்டுச்சென்ற கடனை மகன் அடைப்பதை நாம் அவமதிப்பென்று கூறுவதில்லை. அவர் பெயரைக் காத்தான் என்றே கூறுகிறோம். கூறப்படாத காரணமும் ஒருவகைக் கடனே. அதனைத் தந்தை தீர்க்காது சென்றார், மகன் தீர்க்கலாம். தோட்டத்தைப் பெற்றவன் அதன் வேலியையும் வரியையும் பெற்றதுபோல, அதன்மேல் நிற்கும் இக்கடனையும் பெற்றுள்ளான். தங்கையின் பெயருக்கு அரை ஏக்கர் எழுதப்படும் நாளில், அவளுடைய பிள்ளைகளுக்கு மாமன் வீடு என்று ஒன்று மீண்டும் உண்டாகிறது.